முதல் மாசச் சம்பளம் ஏன் லேட்டு? – 1884ல் இருந்து ஒரு கணக்கு

புது கம்பெனியில் சேர்ந்த அன்னிக்கு ஹெச்.ஆர். நம்மகிட்ட நாற்பது ஃபாரத்தில் கையெழுத்து வாங்குவாங்க. எல்லாம் முடிச்சிட்டு "எனி கொஸ்டின்ஸ்?"ன்னு கேப்பாங்க. நம்ம மனசுல இருக்கிறது ஒரே ஒரு கேள்விதான். சம்பளம் எப்போங்க வரும்? ஆனா அதைக் கேட்டா அலைஞ்சான்னு நினைச்சுடுவாங்களோன்னு கேன்டீன் எங்க இருக்குன்னு கேட்டுட்டு வந்துடுவோம் :-)

அப்புறம்தான் தெரியவரும், பேரோல் கட்-ஆஃப் 20ஆம் தேதி. நாம சேர்ந்தது 23ஆம் தேதி. "இந்த மாசம் வராது, அடுத்த மாசம் சேர்த்து வந்துடும்." அந்த 'சேர்த்து வந்துடும்' என்ற ரெண்டு வார்த்தைக்கு நடுவுல பி.ஜி. வாடகை, அட்வான்ஸ், பஸ் பாஸ், மூணு வேளை சாப்பாடு, ஊர்ல இருந்து "சம்பளம் வந்துச்சாப்பா?" என்ற போன் எல்லாம் வந்து போகும்.

பொட்டி தட்டுற எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான் இது, இதுல புதுசா என்ன இருக்குன்னு கேக்காதீங்க. இந்தத் தாமதத்துக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கு. கூலி கொடுக்கும் தேதிக்காக இந்த நாட்டில் கையெழுத்து வாங்கி மனு போட்டிருக்காங்க, ராயல் கமிஷன் உட்கார்ந்திருக்கு, சட்டம் போட்டிருக்காங்க. அதையெல்லாம் படிக்கப் படிக்க எனக்கு ஒண்ணு புரிஞ்சது. முதல் சம்பளம் லேட்டாகும்போது, வேலைக்கு வந்தவன் முதலாளிக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறான். அந்தக் கடனைக் கொடுக்க அவனிடம் காசு இல்லை. அதனால அவன் இன்னொருத்தர்கிட்ட வட்டிக்கு வாங்குறான். அந்த இன்னொருத்தர் யார் என்பதுதான் கதையே.

பம்பாய், 1884

பம்பாயில் முதல் பஞ்சாலைக்கான கம்பெனி 1854ல் தொடங்கியது. அடுத்த முப்பது வருஷத்தில் ஆலைகள் பெருகின. கொங்கண் கரையில் ரத்னகிரியில் இருந்தும், தக்காணத்துக் கிராமங்களில் இருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். 1881ல் முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. ஆனால் அது பெரும்பாலும் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றியது. ஏழு வயசுக்குக் கீழே வேலைக்கு வைக்கக்கூடாது, 12 வயசு வரை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, அவ்வளவுதான். சம்பளத்தைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

இந்த நேரத்தில்தான் நாராயண் மேகாஜி லோகண்டே வருகிறார். 1848ல் பிறந்தவர். ஒரு ஆலையில் ஸ்டோர் கீப்பராக வேலை பார்த்தவர். ஜோதிராவ் புலேவின் சத்யசோதக் இயக்கத்தைச் சேர்ந்தவர். 1880ல் இருந்து 'தீனபந்து' என்ற மராத்திப் பத்திரிகையை நடத்தினார். 1884ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தலாமா என்று பார்க்க பம்பாயில் ஒரு கமிஷன் போட்டார்கள். அந்த வருஷம் செப்டம்பரில் லோகண்டே ஆலைத் தொழிலாளர்களைக் கூட்டி, 5,500 பேர் கையெழுத்தோடு ஒரு மனு தயார் செய்தார். அதில் இருந்த கோரிக்கைகள் ஐந்து:

1. ஞாயிற்றுக்கிழமை முழு நாள் விடுமுறை.
2. மதியம் அரை மணி நேரம் இடைவேளை.
3. காலை ஆறரைக்கு வேலை தொடங்கி, பொழுது சாயும்போது முடிய வேண்டும்.
4. ஒரு மாதத்துக்கான கூலியை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும்.
5. வேலையில் அடிபட்டவருக்குக் குணமாகும் வரை முழுக் கூலி, நிரந்தரமாக ஊனமானால் பிழைப்புக்கு வழி.

நாலாவதை இன்னொரு தடவை படிங்க. ஒண்ணாம் தேதியே கொடுங்கன்னு அவங்க கேக்கல. பதினஞ்சாம் தேதிக்குள்ள கொடுத்தா போதும்னு கேட்டிருக்காங்க. அப்படின்னா அதுக்கு முன்னாடி எப்போ கொடுத்துக்கிட்டு இருந்திருப்பாங்கன்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

முதல் கோரிக்கை கொஞ்ச வருஷத்தில் கிடைத்தது. 1890 ஏப்ரலில் பத்தாயிரம் பேர் கூடிய கூட்டத்தில் இரண்டு பெண் தொழிலாளர்களும் பேசினார்கள். ஜூன் 10ஆம் தேதி ஆலை முதலாளிகள் சங்கம் வாரம் ஒரு நாள் விடுமுறைக்கு ஒத்துக்கொண்டது. 1891ல் அது சட்டத்திலும் ஏறியது. நாம ஞாயித்துக்கிழமை பத்து மணி வரைக்கும் தூங்குறதுக்கு லோகண்டேவுக்கு ஒரு நன்றி சொல்லணும். ஆனால் அந்த நாலாவது கோரிக்கைக்குச் சட்டம் வர 52 வருஷம் ஆனது. லோகண்டே அதைப் பார்க்கவில்லை. 1897ல் பம்பாய் பிளேக்கில் இறந்துபோனார்.

விடுமுறை கொடுக்க ஒத்துக்கிட்டவங்க தேதியை மாத்த மட்டும் ஏன் இவ்வளவு இழுத்தாங்க?

பிடித்து வைத்த கூலி

ஒரு சின்னக் கணக்கு. ஜூன் 1ஆம் தேதி ஒருத்தர் ஆலையில் சேர்கிறார். ஜூன் மாதக் கூலி ஜூலை 15ல் வருகிறது. அதாவது 45 நாள் கையில் காசு வராது. அதற்கு அப்புறம் மாசாமாசம் காசு வரும். ஆனால் எந்தச் சம்பள நாளில் கணக்குப் பார்த்தாலும் அவருடைய 15 நாள் உழைப்பு முதலாளியிடம் பாக்கி நிற்கும். அவர் வேலையை விட்டுப் போகும் வரை அந்தப் பாக்கி தீராது.

ஆயிரம் பேர் வேலை பார்க்கும் ஆலை, ஆளுக்கு மாதம் 15 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 15 நாளுக்கு 7,500 ரூபாய். இந்தப் பணம் எப்போதும் ஆலையின் கையில் சுற்றிக்கொண்டிருக்கும். வட்டி கிடையாது. பேங்க்கில் இப்படி ஒரு கடன் கிடைக்குமா?

பணத்தை விட முக்கியமான இன்னொரு பயனும் இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனால் பாக்கிக் கூலி கிடையாது என்பது பல ஆலைகளில் விதி. அறுவடைக்கு ஊருக்குப் போகணும், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பக்கத்து ஆலையில் ஒரு ரூபா அதிகம் தர்றாங்க, எதுவானாலும் நோட்டீஸ் கொடுக்காமல் கிளம்பினால் பிடித்து வைத்த கூலி போச்சு. நம்ம ஊர்ல வீட்டுக்காரர் அட்வான்ஸைப் பிடிச்சு வெச்சுக்கிற மாதிரி. ஒரே வித்தியாசம், இங்க அட்வான்ஸ் கொடுத்தவனுக்கு அதைத்தான் கொடுத்திருக்கோம்னே தெரியாது.

இந்தியா முழுக்க ஒரே மாதிரி நடந்ததுன்னும் சொல்ல முடியாது. அகமதாபாத் ஆலைகளில் 'ஹப்தா' என்ற கணக்கில் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கூலி கொடுத்தார்கள். கல்கத்தா சணல் ஆலைகளில் வாரக் கூலி. ஆனால் அங்கேயும் ஒரு வாரக் கூலியை எப்போதும் கையில் பிடித்து வைத்துக்கொள்வது வழக்கம். புதுசாச் சேர்ந்தவன் ரெண்டாவது வாரக் கடைசியில் முதல் வாரத்துக் கூலியை வாங்குவான். பம்பாயில் மாதக் கூலி, அதுவும் அடுத்த மாதம் தேதி தள்ளி. வாரமோ மாசமோ, புதுசா வந்தவன்தான் முதல்ல காத்திருக்கணும் என்பது மட்டும் எல்லா ஊரிலும் பொது.

அந்த 45 நாள் என்ன சாப்பிட்டாங்க?

கிராமத்தில் இருந்து வந்தவர் முதல் 45 நாளை மூணு பேரை வைத்துத்தான் ஓட்டினார்.

முதல் ஆள், வேலை வாங்கிக் கொடுத்த மேஸ்திரி. பம்பாயில் 'ஜாபர்' என்பார்கள், 'முக்காதம்' என்றும் சொல்வதுண்டு. ஆலைக்கு ஆள் எடுப்பது, லீவு கொடுப்பது, நீக்குவது எல்லாம் இவர் கையில். வேலை கிடைக்க இவருக்குத் தஸ்தூரி தரவேண்டும். கையில் காசில்லாதவர் முதல் கூலி வந்ததும் தருவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போவார். மேஸ்திரியே கடனும் கொடுப்பார். வேலை கொடுத்தவரும் அவரே, கடன் கொடுத்தவரும் அவரே என்றால் அப்புறம் அவரை எதிர்த்து எங்கே பேசுவது?

இரண்டாவது ஆள், மளிகைக்காரர். கணக்கு எழுதி அரிசி பருப்பு கொடுப்பார். கடன் வாங்கிய கடையை விட்டு வேறு கடைக்குப் போக முடியாது. அவர் சொன்னதுதான் விலை, அவர் போட்டதுதான் எடை.

மூன்றாவது ஆள், 'கானாவளி' நடத்திய பெண்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்த ஆலைத் தொழிலாளிகளுக்கு வீட்டிலேயே சமைத்துப் போட்டார்கள். மாதக் கணக்கு. சம்பளம் வந்த பிறகுதான் காசு. தொழிலாளிக்குக் கூலி லேட்டானால் இந்தப் பெண்களுக்கும் லேட். ஆனால் அவர்கள் மளிகைக்கடைக்குக் கடன் சொல்லித்தான் சமைக்கணும். முதலாளி தள்ளிப்போட்ட சம்பளத்தின் கடைசிச் சுமை ஒரு சாலில் அடுப்பு முன்னாடி உட்கார்ந்திருந்த பெண் மேல போய் விழுந்தது. (சால் என்பது பம்பாயில் வரிசையாக ஒத்தை ஒத்தை அறையாக இருக்கும் குடியிருப்பு.) 1975ல் பிரேமா புராவ் 'அன்னபூர்ணா மகிளா மண்டல்' என்ற அமைப்பைத் தொடங்கியது இந்தக் கானாவளிப் பெண்களுக்காகத்தான். வட்டிக்காரரிடம் போகாமல் பேங்க் கடன் வாங்கிக் கொடுப்பதுதான் அதன் முதல் வேலையாக இருந்தது.

இதைப் படிக்கும்போது எனக்கு எங்க ஏரியா மெஸ் அக்கா ஞாபகம்தான் வந்தது. காலேஜ் முடிச்சு வர்ற பசங்களுக்கு ரெண்டு மாசம் வரைக்கும் நோட்டுல எழுதிக்கிட்டு சாப்பாடு போடுவாங்க. ஏன்க்கா இப்படி நம்புறீங்கன்னு ஒருநாள் கேட்டேன். "கம்பெனிக்காரன் குடுக்கற வரைக்கும் நீங்க பட்டினியாவா கெடப்பீங்க தம்பி"ன்னாங்க. அவங்க அரிசி மண்டிக்கு எத்தனை நாள் கடன் சொல்லியிருந்தாங்கன்னு அன்னிக்கு எங்க யாருக்கும் கேக்கத் தோணல.

அதே 1884, இலங்கை மலைநாடு

பம்பாயில் லோகண்டே கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்த அதே வருஷம் இன்னொரு இடத்தில் கூலி பாக்கிப் பிரச்சினை வேறு மாதிரி வெடித்திருந்தது. அங்கே வேலை பார்த்தவர்கள் நம்ம ஆட்கள். திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம், தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் இருந்து இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்கள்.

இலங்கையில் 1869ல் காப்பி இலையில் ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. பதினைந்து வருஷத்துக்குள் காப்பித் தொழிலே சரிந்தது. 1884 மே மாதம் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் பேங்க் கார்ப்பரேஷன் திவால். தோட்டத்துரைகள் கையை விரித்தார்கள். கூலிகளுக்கு ஏற்கெனவே மாதக்கணக்கில் பாக்கி. தோட்டத்தை விற்றால் முதலில் கடன்காரர்களுக்குத்தானே போகும்? அதனால் 1884ல் இலங்கை அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. தொழிலாளியின் கூலி பாக்கியில் மூன்று மாதம் வரைக்கும் தோட்டத்தின் மீது முதல் உரிமை. மற்ற கடன்காரர்கள் அதற்கு அப்புறம்தான்.

பிறகு 1889ல் 13ஆம் எண் சட்டம் வந்தது. கூலியை மாதக் கணக்கில் போடவேண்டும், மாதம் முடிந்து 60 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்றது. அறுபது நாள்! ஜனவரி 1ஆம் தேதி கொழுந்து பறிக்கப் போனவருக்கு ஜனவரிக் கூலியை ஏப்ரல் 1ஆம் தேதி கொடுத்தால் போதும், சட்டப்படி சரி. மூணு மாசம் கழிச்சுத்தான் முதல் சம்பளம். ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த தாமதத்துக்கு ஒரு எல்லை கட்டிய சட்டம் இது. எல்லையே இவ்வளவு தூரத்தில் இருந்தது என்றால் அதற்கு முந்தைய நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

அந்த மூணு மாசம் சாப்பாட்டுக்குத் தோட்டமே அரிசி கொடுக்கும். விலையைக் கூலியில் கழித்துக்கொள்ளும். பம்பாய்த் தொழிலாளிக்கு மேஸ்திரி மாதிரி இங்கே கங்காணி. ஊரில் ஆள் சேர்க்கும்போதே முன்பணம் கொடுத்திருப்பார். வழிச்செலவும் கடனில் சேரும். ஆக வேலைக்குப் போகும் முதல் நாளே தொழிலாளி கடனாளி. பல தோட்டங்களில் சம்பளமும் கங்காணி கை வழியாகத்தான் வந்தது. கடனைப் பிடித்தது போக மிச்சம் இருந்தால் கைக்கு வரும்.

இதில் உச்சம் 'துண்டு' என்று சொல்லப்பட்ட முறை. ஒரு தோட்டத்தில் இருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கங்காணி தன் ஆட்களோடு மாறவேண்டும் என்றால் பழைய தோட்டம் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுக்கும். 'இவர்கள் கடன் இவ்வளவு ரூபாய், அதைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறோம்' என்று அதில் இருக்கும். புதுத் துரை அந்தப் பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் புதுத் தோட்டத்துக் கணக்கில் ஏறும். நோட்டீஸ் பீரியடை பை-அவுட் பண்றதுன்னு நாம சொல்றோமே, அதோட கொள்ளுத் தாத்தா இது. ஆனால் இங்கே ஆட்களையே கைமாற்றினார்கள். துண்டு முறை 1921ல்தான் சட்டப்படி ஒழிந்தது. 1927ல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டம்தான் அந்த 60 நாளைப் 10 நாளாக்கியது.

இன்னொண்ணு. சம்பளம் தர முதலாளி தாமதித்தால் அது பாக்கிக் கணக்கு. தொழிலாளி நோட்டீஸ் இல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனால் அது குற்றம், ஜெயில். காலம் தவறுவதற்கு ரெண்டு பேருக்கும் ரெண்டு விதமான சட்டம்.

ராயல் கமிஷனும் ரூபாய்க்கு ஒரு அணாவும்

திரும்ப இந்தியாவுக்கு வருவோம். 1926ல் இந்திய அரசாங்கம் மாகாண அரசுகளுக்குக் கடிதம் எழுதிக் கேட்டது: உங்கள் பகுதியில் கூலி தாமதமாகிறதா, அபராதம் என்ற பெயரில் பிடித்தம் நடக்கிறதா? இரண்டிலும் முறைகேடு நடப்பதாகத் தெரியவந்தது. 1929ல் ஜான் ஹென்றி விட்லி தலைமையில் தொழிலாளர் பற்றிய ராயல் கமிஷன் அமைந்தபோது இந்த விவரங்களெல்லாம் அதன் கைக்குப் போனது. அதன் உறுப்பினர்களில் நம்ம வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியும் ஒருவர். என்.எம். ஜோஷி, ஜி.டி. பிர்லா எல்லாம் அதில் இருந்தார்கள். 1931ல் அறிக்கை வந்தது.

அறிக்கையில் கடன் பற்றிய பகுதிதான் மனசைப் பிசையும். பெரும்பாலான தொழில் நகரங்களில் மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்களுக்குக் குறையாமல் கடனில் இருப்பதாகக் கமிஷன் மதிப்பிட்டது. பெரும்பாலோருக்குக் கடன் மூன்று மாதச் சம்பளத்தை விட அதிகம். வட்டி சாதாரணமாக ரூபாய்க்கு மாதம் ஒரு அணா. ரூபாய்க்கு 16 அணா. அப்போ மாதம் 6.25 சதவீதம், வருஷத்துக்கு 75 சதவீதம்.

நம்ம 45 நாள் கணக்கில் இதைப் போட்டுப் பாருங்க. புதுசா வந்தவர் 20 ரூபாய் கடன் வாங்கி ஒன்றரை மாதம் ஓட்டினால் வட்டி மட்டும் 1 ரூபாய் 14 அணா. முதல் சம்பளம் வந்ததும் முழுசா அடைத்துவிட்டால் இதோட முடிஞ்சது. அடைச்சா அடுத்த மாசம் சாப்பாட்டுக்குக் காசு இருக்காது. அதனால திரும்பவும் கடன். முதல் 45 நாளில் விழுந்த ஓட்டை வருஷக்கணக்கா மூடாது. கல்யாணம், சாவு, திருவிழா என்று கடனுக்கு வேறு காரணங்களும் நிறைய உண்டு, இல்லைன்னு சொல்லல. ஆனா வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கடன்கார முகவரிக்கு வழி காட்டி விட்டது இந்தச் சம்பளத் தேதிதான்.

பஞ்சாலை, ரயில்வே பட்டறை, இரும்பாலை மாதிரி இடங்களில் 16 நாளுக்கு மேல் போகாமல் கூலி கொடுக்கவேண்டும் என்று கமிஷன் பரிந்துரைத்தது. மாதக் கூலிதான் கடனை வளர்க்கிறது என்பது அதற்குப் புரிந்திருந்தது. அந்தப் பரிந்துரை சட்டமாகவில்லை.

1936: ஏழும் பத்தும்

1933ல் ஒரு மசோதா வந்து நிறைவேறாமல் போய், மறுபடியும் கொண்டுவந்து, கடைசியில் 1936ல் கூலி வழங்கல் சட்டம் நிறைவேறியது. 1937 மார்ச் 28 முதல் அமலுக்கு வந்தது. முக்கியமான அம்சங்கள்:

- சம்பளக் காலம் ஒரு மாதத்துக்கு மேல் போகக்கூடாது.
- ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடத்தில் மாதம் முடிந்து 7ஆம் நாளுக்குள், மற்ற இடங்களில் 10ஆம் நாளுக்குள் கூலி கொடுத்துவிட வேண்டும்.
- வேலையில் இருந்து நீக்கினால் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் கணக்குத் தீர்க்க வேண்டும்.
- சட்டத்தில் சொன்னவை தவிர வேறு பிடித்தம் கூடாது.
- கூலியைப் பணமாகத்தான் கொடுக்கவேண்டும்.

நம்ம அப்பா தலைமுறையில் மில் வேலைக்குப் போனவர்கள் 'ஏழாம் தேதி சம்பளம்' என்று சொல்வது இதில் இருந்து வந்ததுதான். லோகண்டே கேட்டது 15. கிடைத்தது 7. ஒரு வகையில் கேட்டதை விட அதிகம்.

ஆனால் சட்டத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் படித்தால் சிரிப்பு வரும். கூலியில் தவறாகப் பிடித்தம் செய்தால் அந்தத் தொகையைப் போல பத்து மடங்கு வரை நஷ்டஈடு கேட்கலாம். கூலியைத் தாமதப்படுத்தினால்? அதிகபட்சம் 10 ரூபாய். எத்தனை மாதம் தாமதமானாலும் அதே 10 ரூபாய்தான். அதே நேரம் வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுத்தார் என்று அதிகாரி நினைத்தால் தொழிலாளிக்கு 50 ரூபாய் வரை அபராதம். எவன் போய்ப் புகார் கொடுப்பான்? அதுவும் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாசம் ஆன புதுப் பையன்?

இன்னொரு கொக்கி, வரம்பு. மாதம் 200 ரூபாய்க்குக் கீழே வாங்குபவர்களுக்குத்தான் இந்தச் சட்டம். 1936ல் 200 ரூபாய் பெரிய தொகை, பிரச்சினை இல்லை. அப்புறம் 1957ல் 400 ஆக்கினார்கள். எழுபதுகளில் 1,000. 1982ல் 1,600. அந்த 1,600 அப்படியே 23 வருஷம் நின்றது! 2005ல்தான் 6,500 ஆனது. 2007ல் 10,000, 2012ல் 18,000, 2017ல் 24,000. பெங்களூரிலும் சென்னையிலும் ஐ.டி. கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்துக்கொண்டிருந்த 2004ல், மாதம் 1,600 ரூபாய்க்கு மேல் வாங்கிய யாரும் இந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. பொட்டி தட்டுறவன் மட்டுமில்லை, அவன் ஆபீஸ் வாசலில் நின்ற செக்யூரிட்டி அண்ணனுக்கே அந்தச் சம்பளம் தாண்டியிருக்கும்.

வாங்காமல் விட்ட கூலிக்கு என்ன ஆச்சு என்றும் தேடிப் பார்த்தேன். வேலையை விட்டு ஊருக்குப் போனவர், திரும்பி வராதவர், செத்துப்போனவர் என்று ஆலைக் கணக்கில் கேட்பாரில்லாமல் நின்ற பாக்கி நிறைய. அதை ரொம்ப காலம் முதலாளியே வைத்துக்கொண்டார். 1953ல் பம்பாயும், 1972ல் தமிழ்நாடும் தொழிலாளர் நல நிதிச் சட்டம் கொண்டுவந்தன. நம்ம மாநிலச் சட்டப்படி மூன்று வருஷம் கொடுக்கப்படாமல் நிற்கும் கூலி அந்த நிதிக்குப் போகவேண்டும். ஊர் திரும்பாத யாரோ ஒருத்தரின் 15 நாள் உழைப்பு இன்னொருத்தர் பிள்ளைக்குப் படிப்பு உதவியாகப் போய்ச் சேருமென்றால் அது ஒரு ஆறுதல்தான்.

இப்போ?

2019ல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்தது. 1936 சட்டம் அதற்குள் அடங்கிவிட்டது. சம்பள வரம்பு போயிடுச்சு. எவ்வளவு வாங்கினாலும் எல்லாப் பணியாளருக்கும் பொருந்தும். ஆயிரம் பேருக்கு மேல் இருந்தால் 10ஆம் தேதி என்ற சலுகையும் போச்சு. மாதச் சம்பளம் எல்லாருக்கும் 7ஆம் தேதிக்குள். வேலையை விட்டாலும் நீக்கினாலும் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்கணும். சம்பளம் வரலைன்னா மூணு வருஷம் வரைக்கும் கேட்கலாம். கொடுத்தேன் என்று நிரூபிக்கவேண்டியது முதலாளி பொறுப்பு. 1936ன் 10 ரூபாயோடு ஒப்பிட்டா எவ்வளவோ தூரம் வந்துட்டோம்.

ஆனா 23ஆம் தேதி சேர்ந்தவன் கதை முழுசாத் தீர்ந்துடலை. சம்பளக் காலத்தை 1ல் இருந்து 30 வரை என்று வைத்திருக்கும் கம்பெனி ஜூன் மாதத்து எட்டு நாள் கூலியை ஜூலை 7க்குள் கொடுத்தாக வேண்டும், 'சேர்த்து வரும்' என்று சொல்ல முடியாது. சம்பளக் காலமே 21ல் இருந்து 20 வரை என்று வைத்திருந்தால் ஜூன் 23ல் சேர்ந்தவனுக்கு முதல் சம்பளம் ஜூலை 27ல் வந்தாலும் சட்டப்படி சரிதான். 35 நாள். லோகண்டே காலத்து 45 நாளுக்கும் இதுக்கும் பத்து நாள்தான் வித்தியாசம்!

அதனால புதுசாச் சேரப்போற தம்பி தங்கைகளுக்கு ஒரு அண்ணனா சொல்றேன். ஆஃபர் லெட்டர் வந்ததுமே மூணு விஷயம் மெயில்ல கேட்டுடுங்க. சம்பளக் காலம் எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரை? கட்-ஆஃப் எப்போ? பேங்க் அக்கவுன்ட் தயாராகலைன்னா செக்கா கொடுப்பீங்களா? சேரும் தேதியை மாத்த முடிஞ்சா கட்-ஆஃபுக்கு அடுத்த நாள் சேராதீங்க. கிரெடிட் கார்டு ஆளுங்களும் லோன் ஆப்புகளும் அந்த முதல் மாசத்துக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க. அவங்க வட்டிக்குப் பக்கத்துல ரூபாய்க்கு ஒரு அணாவை வெச்சுப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. சம்பளம் எப்போ வரும்னு கேக்க வெக்கமே படாதீங்க. எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ பேர் 1884லேயே அதைக் கேட்டுட்டாங்க.

ஏற்கெனவே வேலையில இருக்கிறவங்க ஒண்ணு செய்யலாம். உங்க டீம்ல புதுசா ஒரு பையனோ பொண்ணோ வந்தா முதல் வாரத்துல "சம்பளம் வர்ற வரைக்கும் கைல காசு இருக்கா?"ன்னு தனியாக் கூப்பிட்டுக் கேளுங்க. அவங்களா கேக்க மாட்டாங்க.

டிஸ்கி 1: லோகண்டேவுக்கு 2005ல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டிருக்கிறது. ஸ்டாம்ப் சேக்கிற பழக்கம் உள்ளவங்க தேடிப் பாருங்க.

டிஸ்கி 2: உங்க முதல் சம்பளம் எத்தனை நாள் கழிச்சு வந்தது, அதுவரைக்கும் யார் சோறு போட்டாங்கன்னு பின்னூட்டத்துல எழுதுங்க மக்கா. கம்பெனி பேர் வேணாம். சோறு போட்டவங்களைப் பத்தி எழுதினா போதும். எல்லாத்தையும் சேத்து இன்னொரு பதிவாப் போட்டுடலாம்.